கூத்துக் கொப்பிகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவது: கட்டளை வரிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அண்ணாவியார் (கூத்துப் பழக்குகிற ஆசான்) வீட்டுப் பெட்டியில் இருந்த கூத்துக் கொப்பிகளை ஸ்கேன் பண்ணி முடித்தாயிற்று. படங்கள் எல்லாம் ஒரே ஒரு லெப்டொப்பில் கிடக்கின்றன. அவற்றை நூலகத்துக் கணினிக்கோ இன்னொருவரின் கணினிக்கோ மாற்ற வேண்டும் என்றால் நம்மில் அநேகர் உடனே தேடுவது பென் டிரைவை, அதாவது பென்னை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இப்படியான ஆவணப் பணியில் புதிதாக இறங்குகிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். இரண்டு கணினியும் ஒரே றவுட்டரில் இணைந்திருந்தால் பென் தேவையில்லை, டேட்டாவும் செலவாகாது. சில கட்டளைகள் தெரிந்தால் போதும்.

முதலில் அளவைப் பாருங்கள். ஏ4 பக்கம் ஒன்றை 600 டிபிஐயில், நிறத்தோடு, சுருக்காமல் ரிஃப் கோப்பாக ஸ்கேன் செய்தால் அந்த ஒரு பக்கமே 100 எம்பி அளவு வரும். பழைய மினி டிவி நாடாவில் எடுத்த கூத்தைக் கணினிக்கு மாற்றினால் மணித்தியாலத்துக்குச் சுமார் 13 ஜிபி. விடிய விடிய ஆடுகிற வடமோடிக் கூத்து எட்டு மணித்தியாலம் ஓடினால் 100 ஜிபியைத் தாண்டிவிடும். ஃபேட்32 முறையில் அமைந்த பென்னில் 4 ஜிபியை விடப் பெரிய கோப்பு ஏறவே ஏறாது. பெரிய பென் வாங்கினாலும் ஒருமுறை ஏற்றி, ஒருமுறை இறக்கி, ஒரே வேலையை இரண்டு தரம் செய்கிறோம். பல கடைக் கணினிகளில் செருகிய பென் என்றால் வைரஸும் கூடவே வரும்.

வலைக் கேபிளில் போனால் கணக்கு வேறு. 100 எம்பிபிஎஸ் வேகமுள்ள சாதாரண றவுட்டரில் அந்த 100 ஜிபி சுமார் இரண்டரை மணித்தியாலத்தில் போய்ச் சேரும். கிகாபிட் றவுட்டரும் நல்ல டிஸ்க்கும் இருந்தால் கால் மணித்தியாலம், கூடிப்போனால் இருபது நிமிடம். வைஃபையில் வேகம் ஏறி இறங்கும். பெரிய வேலைக்குக் கேபிளையே நான் சொல்லுவேன்.

டேட்டாவைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே றவுட்டருக்குள் ஒரு கணினியிலிருந்து மற்றதற்குப் போகிற கோப்பு வெளியே இணையத்துக்குப் போவதில்லை. ஆகவே உங்கள் பக்கேஜில் ஒரு எம்பிகூடக் குறையாது. றவுட்டர் இல்லாத இடத்தில் ஃபோனின் ஹொட்ஸ்பொட்டில் இரண்டு லெப்டொப்பையும் இணைத்தாலும் இதே கதைதான்.

கட்டளைகளை இங்கே தமிழில் ஒலித்து எழுதுகிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்; பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லுவேன். ‘பி’ என்று வருவதெல்லாம் பேப்பரின் முதல் எழுத்து, ‘ரி’ என்பது ரிவியின் முதல் எழுத்து, ‘டி’ என்பது டேட்டாவின் முதல் எழுத்து. புள்ளி, கோடு, இடைவெளி எல்லாம் காட்டியபடியே வர வேண்டும்.

வாங்குகிற கணினியைத் தயார் செய்தல்

இரண்டு கணினியில் ஒன்று கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும், மற்றது வந்து தட்ட வேண்டும். கதவு திறப்பது வாங்குகிற கணினி. அதில் எஸ்எஸ்எச் சேர்வர் என்ற மென்பொருள் ஓட வேண்டும். அனுப்புகிற பக்கம் அநேகமாக எதையும் நிறுவத் தேவையில்லை: எஸ்எஸ்எச்சின் அனுப்புகிற பகுதி லினக்ஸிலும் ஆப்பிள் கணினிகளிலும் ஏற்கெனவே உண்டு, விண்டோஸ் 10இல் 2018 முதல் வந்த பதிப்புகளிலும் விண்டோஸ் 11இலும் உண்டு.

வாங்குகிற கணினியில் உபுண்டு லினக்ஸ் இருந்தால் வேலை மிகச் சுலபம். டெர்மினலை (கட்டளைகளைத் தட்டுகிற சாளரம்) திறந்து இதைத் தட்டுங்கள்:

சூடோ ஏபிரி இன்ஸ்டோல் ஓப்பன்எஸ்எஸ்எச்-சேர்வர்

சூடோ என்பது எஸ், யூ, டி, ஓ. அதற்கடுத்த சொல் ஏ, பி, ரி. உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும். தட்டும்போது அநேகமாகத் திரையில் நட்சத்திரம்கூடத் தெரியாது. விசைப்பலகை பழுது என்று நினைக்க வேண்டாம், அது அப்படித்தான். முழுவதும் தட்டி என்டரை அழுத்துங்கள். இந்த ஒரு படிக்கு மட்டும் இணையம் வேண்டும்.

விண்டோஸில் என்றால் செட்டிங்ஸ் போய் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்ற பகுதியில் ஓப்பன்எஸ்எஸ்எச் சேர்வரைச் சேர்த்து, பிறகு சேர்விசஸ் பட்டியலில் அதைத் தொடக்கிவிட வேண்டும். நான்கு இலக்க ‘பின்’ எண்ணால் திறக்கிற கணினி என்றாலும் இங்கே அந்த எண் எடுபடாது, கணக்கின் உண்மையான கடவுச்சொல்லே வேண்டும். ஆப்பிள் கணினியில் ஷேரிங் பகுதியில் ரிமோட் லொகின் என்பதை இயக்கினால் சரி.

அடுத்தது முகவரி. லினக்ஸில்

ஐபி ஏ

என்று தட்டுங்கள் (ஐ, பி, ஓர் இடைவெளி, ஏ). விண்டோஸில் ஐபிகொன்ஃபிக் என்று ஒரே சொல்லாக. வருகிற நீளமான பட்டியலில் 192.168 என்று தொடங்குகிற எண்ணைத் தேடுங்கள். 127.0.0.1 என்பதை விட்டுவிடுங்கள், ஒவ்வொரு கணினியும் தன்னைத்தானே அழைக்கிற எண் அது. ஹொட்ஸ்பொட்டில் இருந்தால் எண் 10 அல்லது 172 என்றும் தொடங்கலாம். இந்த முகவரியை றவுட்டர்தான் கொடுக்கிறது. கரண்ட் போய் வந்த பிறகு அது மாறியிருக்கக்கூடும் என்பதால் நேற்று எழுதி வைத்த எண்ணை இன்று நம்பாமல் மறுபடி பாருங்கள்.

இனி வரும் உதாரணங்களில் வாங்குகிற கணினியின் முகவரி 192.168.1.20 என்றும் அதில் உள்ள பயனர்பெயர் ‘வாவி’ என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் எண்ணையும் பெயரையும் அந்தந்த இடத்தில் போடுங்கள்.

கதவைத் தட்டிப் பார்த்தல்

கோப்பை அனுப்பும் முன் தொடர்பு கிடைக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அனுப்புகிற கணினியில்:

எஸ்எஸ்எச் வாவி@192.168.1.20

முதல்முறை ஒரு கேள்வி வரும்: இந்தக் கணினியை எனக்குத் தெரியாது, இதன் கைரேகை இது, தொடரவா? யெஸ் என்று மூன்று எழுத்தையும் முழுதாகத் தட்ட வேண்டும், முதல் எழுத்து மட்டும் போதாது. பிறகு வாவியின் கடவுச்சொல். கட்டளை வரிக்கு முன்னால் மற்றக் கணினியின் பெயர் தெரிந்தால் நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். எக்ஸிட் என்று தட்டித் திரும்பி வாருங்கள்.

எஸ்எஸ்எச் என்ற இந்த முறையை 1995இல் பின்லாந்தில் ததூ இலோனென் எழுதினார். அவருடைய பல்கலைக்கழக வலையில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடியதுதான் காரணம். அதற்கு முன் புழக்கத்தில் இருந்த எஃப்ரிபி என்ற கோப்பு அனுப்பும் முறை 1971இல் வந்தது. கடவுச்சொல்லை அது அப்படியே வெளிப்படையாக அனுப்பும். இன்றும் சிலர் ‘எஃப்ரிபி போடுங்கள், லேசு’ என்று சொல்லித் தருகிறார்கள். கேட்க வேண்டாம். எஸ்எஸ்எச் வழியாகப் போகும் எல்லாம் பூட்டிய நிலையில்தான் போகும், வழியில் யாரும் படிக்க முடியாது.

எஸ்சிபி: ஒரு கோப்பு, ஒரு கட்டளை

சிறிய வேலைக்கு எஸ்சிபி போதும். எழுத்துகள் எஸ், சி, பி. கொப்பியின் முதல் பக்கத்தை அனுப்ப:

எஸ்சிபி பக்கம்-001.ரிஃப் வாவி@192.168.1.20:

முதலில் எதை, பிறகு எங்கே என்ற ஒழுங்கு. கடைசியில் இருக்கிற முக்காற்புள்ளியை வடிவாகக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் கட்டளை பிழை சொல்லாது. உங்கள் கணினியிலேயே ‘வாவி@192.168.1.20’ என்ற பெயரில் ஒரு பிரதியை எடுத்து வைத்துவிட்டு, வேலை முடிந்ததுபோல நின்றுவிடும். கோப்பு மற்றப் பக்கம் போகவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டு புள்ளியைத்தான்.

முக்காற்புள்ளிக்குப் பின்னால் எதுவும் எழுதாவிட்டால் கோப்பு வாவியின் வீட்டு ஃபோல்டரில் போய் உட்காரும். வேறு ஃபோல்டருக்குப் போக வேண்டும் என்றால் அதன் பெயரை, இடைவெளி விடாமல், முக்காற்புள்ளியோடு ஒட்டி எழுதுங்கள். முழு ஃபோல்டரையும் அனுப்ப, எஸ்சிபிக்குப் பின்னால் -ஆர் என்று சேர்க்க வேண்டும்:

எஸ்சிபி -ஆர் கூத்துகள் வாவி@192.168.1.20:ஆவணம்/

மறுபக்கம் இருப்பதை இங்கே எடுக்க இடத்தை மாற்றிப் போட்டால் சரி. கடைசியில் வரும் ஒற்றைப் புள்ளிக்கு ‘நான் இப்போது நிற்கிற ஃபோல்டர்’ என்று அர்த்தம்:

எஸ்சிபி வாவி@192.168.1.20:ஆவணம்/பட்டியல்.ரிஎக்ஸ்ரி .

பெயர்களைப் பற்றி ஒரு விஷயம். கோப்பின் பெயருக்குள் இடைவெளி இருந்தால் கட்டளை அதை இரண்டு கோப்பு என்று எடுத்துக்கொள்ளும்; பெயரை மேற்கோள் குறிக்குள் போட வேண்டிவரும். அதைவிடத் தொடக்கத்திலேயே இடைவெளிக்குப் பதில் சிறு கோடு போட்டுப் பெயரிடுங்கள். தமிழில் பெயர் வைக்கலாமா என்றால், வைக்கலாம், வேலை செய்யும். ஆனால் கொ, கோ போன்ற எழுத்துகள் கணினிக்குள் இரண்டு விதமாகப் பதியக்கூடும்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது தனித்தனிக் குறிகளாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு பெயர். பழைய ஆப்பிள் கணினி ஒன்று இடையில் வந்தால் ஒரே கொப்பி இரண்டு ஃபோல்டராக நிற்கும். அதனால் கோப்புக்கு ஆங்கில எழுத்தில் சின்னப் பெயரும் எண்ணும் கொடுத்து, கூத்தின் பெயர், அண்ணாவியார் பெயர், ஊர், ஆண்டு எல்லாவற்றையும் தமிழில் ஒரு பட்டியல் கோப்பில் எழுதி அதே ஃபோல்டரில் வைப்பதையே நான் விரும்புகிறேன். நீளமான பெயர்களைத் தட்டவும் தேவையில்லை: முதல் இரண்டு மூன்று எழுத்தைத் தட்டி டப் விசையை அழுத்தினால் மிச்சத்தைக் கணினியே நிரப்பும்.

ஆர்சிங்க்: கரண்ட் போகிற ஊருக்கு ஏற்ற கட்டளை

எஸ்சிபிக்கு ஒரு பெரிய குறை உண்டு. பாதியில் நின்றால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும். மாரியில் கரண்ட் எப்போது போகும் என்று யாரால் சொல்ல முடியும்? 100 ஜிபியில் 90 போன பிறகு றவுட்டர் அணைந்தால் அந்த 90உம் மறுபடி போக வேண்டும். இதற்கு மருந்து ஆர்சிங்க். 1996இல் ஆஸ்திரேலியாவில் அண்ட்ரூ ட்ரிட்ஜெலும் போல் மக்கெரஸும் உருவாக்கியது. ஒரே ஒரு கட்டளைதான் படிக்க நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு இதையே சொல்லுவேன்.

எழுத்துகள் ஆர், எஸ், வை, என், சி. உபுண்டுவில் அநேகமாக ஏற்கெனவே இருக்கும். இல்லையென்றால் முன்பு சேர்வரை நிறுவியதுபோல இந்தப் பெயரைப் போட்டு நிறுவுங்கள். இரண்டு கணினியிலும் இது இருக்க வேண்டும். கட்டளை:

ஆர்சிங்க் -ஏவிபி கூத்துகள்/ வாவி@192.168.1.20:ஆவணம்/கூத்துகள்/

சிறு கோட்டுக்குப் பிறகு வருவதில் ஏ, வி இரண்டும் சிறிய எழுத்து, பி மட்டும் பெரிய எழுத்து. ‘ஏ’ ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் எல்லாவற்றையும் எடுத்து, கோப்புகளின் திகதியையும் மாறாமல் வைக்கும். ஸ்கேன் செய்த நாள் ஒரு ஆவணத்துக்கு முக்கியம் அல்லவா? ‘வி’ என்ன நடக்கிறது என்று காட்டும். பெரிய ‘பி’ எத்தனை வீதம் போயிற்று என்று காட்டும், பாதியில் நின்ற கோப்பின் பாதியை அழிக்காமலும் வைத்திருக்கும்.

நின்றுவிட்டால் என்ன செய்வது? மேல் அம்பு விசையை அழுத்துங்கள், அதே கட்டளை திரும்ப வரும், என்டர். அவ்வளவுதான். இரு பக்கமும் உள்ள கோப்புகளின் அளவையும் திகதியையும் ஒப்பிட்டு, ஏற்கெனவே போனவற்றைத் தாண்டி, விட்ட இடத்திலிருந்து தொடரும். அடுத்த வாரம் இன்னும் இரண்டு கொப்பி ஸ்கேன் செய்தால் அப்போதும் இதே கட்டளைதான். புதியவை மட்டும் போகும்.

சாய்வுக் கோட்டில் கவனம் தேவை. அனுப்புகிற ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் கோடு இருந்தால் ‘இதற்குள் இருப்பவற்றை அனுப்பு’ என்று பொருள். கோடு இல்லாவிட்டால் ‘இந்த ஃபோல்டரையே அனுப்பு’ என்று பொருள். ஆகவே மேலே காட்டியதில் முதல் கோட்டை விட்டுவிட்டால் மறுபக்கம் கூத்துகள் என்ற ஃபோல்டருக்குள் இன்னொரு கூத்துகள் வரும். கோப்பு ஒன்றும் தொலையாது, ஆனால் அடுத்தமுறை கோடு போட்டு அனுப்பினால் எல்லாம் இரண்டாம் பிரதியாகப் போய் டிஸ்க் நிரம்பும். சந்தேகம் வந்தால் ஏவிபிக்குப் பின்னால் சிறிய ‘என்’ எழுத்து ஒன்றையும் சேர்த்து ஓட்டுங்கள். என்னென்ன அனுப்பப் போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும், எதையும் தொடாது. பட்டியல் சரி என்றால் அந்த ‘என்’ எழுத்தை எடுத்துவிட்டு உண்மையாக ஓட்டலாம்.

இணையத்தில் பார்க்கும் உதாரணங்கள் பலவற்றில் இரட்டைக் கோட்டோடு டிலீட் என்ற சொல் சேர்ந்திருக்கும். இங்கே இல்லாததை அங்கேயும் அழித்துவிடும் அது. ஆவண வேலையில் இதைச் சேர்க்கவே வேண்டாம். ஒருவர் தன் லெப்டொப்பில் இடம் போதாமல் பழைய ஃபோல்டரை நீக்கியிருப்பார். அந்தச் சொல்லோடு கட்டளையை ஓட்டினால் நூலகத்தில் இருந்த ஒரே பிரதியும் போய்விடும்.

விண்டோஸில் ஆர்சிங்க் நேரடியாக இல்லை. டபிள்யூஎஸ்எல் என்ற வசதியை நிறுவி அதற்குள் உபுண்டுவை ஓட்டினால் கிடைக்கும். அது வேண்டாம் என்றால் எஸ்எஃப்ரிபி இருக்கிறது. எஸ்எஸ்எச் போலவே பெயரும் முகவரியும் கொடுத்து உள்ளே போய், புட் என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அனுப்பும், கெட் என்றால் எடுக்கும். பாதியில் அறுந்த பெரிய கோப்பை, திரும்ப உள்ளே போய் ரீபுட் (ஆர், ஈ, பி, யூ, ரி) என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

போனது சரியாகப் போனதா

லெப்டொப்பில் இருப்பதை அழிக்கும் முன் இந்தப் படியைத் தாண்ட வேண்டாம். ஆர்சிங்க் கட்டளையை -ஏவிஎன்சி என்று, நான்கும் சிறிய எழுத்தாக, திரும்ப ஓட்டுங்கள். அளவையும் திகதியையும் மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் இரு பக்கமும் முழுக்கப் படித்து ஒப்பிடும். நேரம் எடுக்கும், சாப்பிட்டுவிட்டு வரலாம். முடிவில் கோப்பின் பெயர் எதுவும் வராவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றே. பெயர் வந்தால் அந்தக் கோப்பில் வித்தியாசம் இருக்கிறது.

ஒரு கோப்பை மட்டும் பார்க்க, லினக்ஸில் எஸ்எச்ஏ256சம் (கடைசி மூன்று எழுத்து எஸ், யூ, எம்) என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி வரும். மறுபக்கமும் அதையே செய்து ஒப்பிடுங்கள். ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் அந்த வரி முழுக்க வேறாக இருக்கும்.

பிழைச் செய்தி வந்தால்

கனெக்ஷன் ரெஃபியூஸ்ட் என்று வந்தால் அந்தக் கணினி இருக்கிறது, ஆனால் சேர்வர் ஓடவில்லை. கனெக்ஷன் டைம்ட் அவுட் என்றால் முகவரி பிழை, அல்லது ஃபயர்வோல் தடுக்கிறது, அல்லது இரண்டும் ஒரே வலையில் இல்லை. விருந்தினருக்கென்று திறந்துவிட்ட வைஃபையில் ஒரு கணினி மற்றதைப் பார்க்க முடியாதபடி அடைத்திருப்பார்கள். அங்கே ஹொட்ஸ்பொட்டுக்கு மாறுங்கள். பெர்மிஷன் டினைட் என்பது இரண்டு இடத்தில் வரும்: கடவுச்சொல் பிழைத்தால், அல்லது வாவிக்கு எழுத உரிமை இல்லாத ஃபோல்டருக்கு அனுப்பினால். நோ சச் ஃபைல் என்றால் பெயரில் எழுத்துப் பிழை. லினக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகவே பார்க்கும்.

அடையாளம் மாறிவிட்டது என்று திரை நிறைய எச்சரிக்கை வந்தால் பதற வேண்டாம், ஆனால் நின்று பாருங்கள். கரண்ட் போய் வந்ததில் அந்த 192.168.1.20 வேறொரு கணினிக்குக் கிடைத்திருக்கலாம், அல்லது மறுபக்கம் லினக்ஸைப் புதிதாக நிறுவியிருக்கலாம். காரணம் தெரிந்த பிறகு, எஸ்எஸ்எச்-கீஜென் (கோட்டுக்குப் பின் கே, ஈ, வை, ஜி, ஈ, என்) என்று தட்டி, இடைவெளி விட்டு -ஆர் (ஆர் பெரிய எழுத்து), பிறகு அந்த முகவரியைக் கொடுத்தால் பழைய கைரேகை நீங்கும்.

மூன்றாவது பிரதி

1978 நவம்பர் சூறாவளியும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் வீட்டோடு காகிதங்களையும் கொண்டுபோன கரை இது. கல்லடியில் ஒரே வளவுக்குள் இருக்கும் இரண்டு கணினியும் சேர்ந்தே நனையும். ஒரு வெளி டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுத்து, கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் தூரமாக, பதுளையிலோ கொழும்பிலோ உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். அதற்கும் ஆர்சிங்க்தான், பெயரும் முகவரியும் இல்லாமல்:

ஆர்சிங்க் -ஆர்ரிவிபி கூத்துகள்/ /மீடியா/வாவி/டிஸ்க்/கூத்துகள்/

இங்கே ‘ஏ’க்குப் பதிலாக ஆர், ரி என்று போட்டிருக்கிறேன், பி பெரிய எழுத்து. விண்டோஸுக்கும் பொதுவாக அமைத்த டிஸ்க்குகள் லினக்ஸின் உரிமை விவரங்களை ஏற்காமல் முறைப்பாடு செய்யும். இப்படிக் கொடுத்தால் அது வராது. டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்துக்கொண்டால் 4 ஜிபி தடையும் இல்லை. டிஸ்க் எந்த இடத்தில் திறந்திருக்கிறது என்பது கணினிக்குக் கணினி மாறும் என்பதால் அதன் ஃபோல்டரைத் திறந்து பாதையைப் பார்த்து எழுதுங்கள்.

இணையம் வழியாக அனுப்பலாம்தானே என்று கேட்கிறவர்களுக்கு: முடியும், ஆனால் அதற்காக வீட்டு றவுட்டரில் 22ஆம் வாசலை (எஸ்எஸ்எச் வந்து தட்டுகிற போர்ட்) வெளியே திறந்துவிட வேண்டாம். உலகம் முழுவதிலிருந்தும் தானியங்கி நிரல்கள் அந்த வாசலில் கடவுச்சொற்களை மாறி மாறி முயன்றுகொண்டே இருக்கின்றன. அதற்கான பாதுகாப்பைப் படிக்கும்வரை டிஸ்க்கைப் பஸ்ஸில் கொண்டுபோவதே மேல்.

வாங்குகிற கணினி ஊர் ஊராகக் கொண்டு திரிகிற லெப்டொப் என்றால், வேலை முடிந்த பிறகு சேர்வரை எடுத்துவிடுங்கள். முதலில் கொடுத்த கட்டளையில் இன்ஸ்டோல் என்ற இடத்தில் ரிமூவ் என்று போட்டால் போதும். வந்து சேர்ந்த கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது; அடுத்த கொப்பி வரும்போது திரும்ப நிறுவிக்கொள்ளலாம்.